ட்ரின்னி லண்டன் அடுக்கு டப்பா கிரீம்கள்: டெல்டா புழுக்கத்தில் எப்படி?

ட்ரின்னி வுடால், 2001இல் பிபிசியில் சுசானா கான்ஸ்டன்டைனுடன் உடை ஆலோசனை சொல்லிப் பிரபலமானவர். 2017இல் அவர் தொடங்கிய அழகுப்பொருள் நிறுவனம்தான் ட்ரின்னி லண்டன். யாருக்கு எது பொருந்தும் என்ற அதே கேள்விதான் இங்கேயும்: தோல், முடி, கண் நிறம் மூன்றையும் வைத்து நமக்கேற்ற ஷேடு (நிறச்சாயல்) எது என்று இணையத்தில் சொல்கிறார்கள். நம் பக்கம் முடியும் கண்ணும் பெரும்பாலும் கருமைதான். அதனால் தோல் நிறத்தைச் சரியாகக் குறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். காலை வெளிச்சத்தில், வாசல் திண்ணையில், தாடையோரம் பாருங்கள்.

ஒப்பனைக் கிரீம்கள் வரும் சின்ன டப்பாக்கள் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். கும்பகோணத்திலிருந்து மாயவரம் முகூர்த்தத்துக்குப் போக, கைப்பையில் ஒரே உருளை. அருமையான யோசனை!

ஆனால் கிரீம் சூட்டில் இளகும்; சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் விடக் கூடாது. முதலில் பூசும் மாய்ஸ்சரைசர் உள்ளே இறங்க 5 நிமிடமாவது பொறுத்துக் கிரீமைப் பூசுங்கள், இல்லாவிட்டால் திரிதிரியாக உருண்டு வரும். கன்னத்துக்கு மிளகளவு போதும். மோதிர விரலால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். நெற்றி, மூக்கு, மேலுதட்டில் மட்டும் லேசாகப் பவுடர். ஓமப்புகையில் வேர்த்தால் கைக்குட்டையால் ஒற்றிவிட்டுத்தான் மறுபூச்சு. வியர்வைமேல் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஈர விரலை டப்பாவுக்குள் விடவே விடாதீர்கள்.