காலடியில் ஆணி, முட்டிக்கடியில் கல்: எதற்கு எந்தக் கவசம்?

சேஃப்டி ஷூ வாங்கும்போது பலரும் முன்பக்க இரும்பு மூடியைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். அது விரல் மேல் விழும் பாரத்துக்கானது. கான்கிரீட்டைத் தாங்கப் போட்ட சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியைத் தடுப்பது, ஷூவின் அடிப்பாகத்துக்குள் மறைந்திருக்கும் தகடு. அது ஸ்டீலாக இருக்கலாம், அல்லது நெய்த செயற்கை இழையாக இருக்கலாம்.

ஆணி மெல்லியதா தடித்ததா என்பது ஸ்டீல் தகட்டை அதிகம் பாதிக்காது. ஆனால் அது அடிப்பாகம் முழுவதையும் மூடாது, ஓரங்களில் இடைவெளி இருக்கும். கனமும் கூட, சூட்டையும் குளிரையும் உள்ளே கடத்தும். இழைத் தகட்டை மேல்பாகத்தோடு சேர்த்துத் தைப்பதால் ஓரம்வரை மூடிவிடலாம். இலகுவாக வளையும், நாள் முழுக்க நடப்பவருக்கு அது பெரிய நிம்மதி. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: மெல்லிய ஆணி இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

முன்பெல்லாம் இழைத் தகட்டைச் சோதித்தது 4.5 மில்லிமீட்டர் ஆணியால். பலகைகளில் கிடப்பதோ பெரும்பாலும் அதைவிட மெலிந்தது. சேஃப்டி ஷூக்களுக்கான ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தரநிலை 2022இல் திருத்தப்பட்டபோது இதைச் சரிசெய்தது. ஷூவின் குறியீட்டில் 'பி' (P) என்றால் உலோகத் தகடு. 'பிஎல்' (PL) என்றால் 4.5 மில்லிமீட்டர் ஆணியாலும், 'பிஎஸ்' (PS) என்றால் 3 மில்லிமீட்டர் ஆணியாலும் சோதித்த இழைத் தகடு. சோதனை விசை 1100 நியூட்டன், ஏறத்தாழ 110 கிலோ பாரம். மூட்டையோடு குதித்து இறங்கினால் அதைத் தாண்டிவிடும். பலகை பிரிப்பவர்களுக்கு நான் ஸ்டீலைத்தான் சொல்வேன். கிடங்கில் நடப்பவர்களுக்கு 'பிஎஸ்' போதும். ஆணி கிடக்கும் இடத்துக்கு 'பிஎல்' வேண்டாம்.

அப்புறம் முட்டி. இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். டைல்ஸ் பதிப்பவர் மண்டியிடும் இடத்தில் ஒரு சில்லு கிடந்தால் போதும். முட்டிக்கு வைக்கும் மெத்தை போன்ற கவசம்தான் பேட். வார் கட்டும் பேடை எந்த பேன்ட் மேலும் போடலாம், ஆனால் நழுவும், முட்டிக்குப் பின்னால் அறுக்கும். பேன்ட் பைக்குள் செருகும் பேட் அளவு சரியாக இருந்தால் நகராது, எனக்குப் பிடித்தது அதுதான். மண்டியிடத் தரையில் போடும் விரிப்பு ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சரி. எதை வாங்கினாலும் முட்டிக் கவசங்களுக்கான இஎன் 14404 என்ற ஐரோப்பியத் தரநிலையின் நிலை எண்ணைப் பாருங்கள். 0 என்றால் குத்துவதைத் தடுக்கும் உறுதி இல்லை, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி. நிலை 1 என்றால் 100 நியூட்டன், நிலை 2 என்றால் 250 நியூட்டன் தாங்கும். கல் சிதறிய தரைக்கு 2 வேண்டும்.

இவ்வளவையும் மீறி ஆணி ஏறிவிட்டால், துளை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ஷூவின் ரப்பர் துணுக்கும் அழுக்கும் ஆழத்தில் தங்கிவிடும், எலும்புவரை சீழ் பிடிக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஆணி குத்தியதே தெரியாது. அவர்கள் வேலை முடிந்ததும் ஷூவைக் கழற்றி, உள்ளங்காலையும் ஷூவின் அடியையும் தினமும் பார்க்க வேண்டும்.