டெஃப்லானா, செராமிக்கா, ஃபிலிமா: நெல்லை வெயிலில் எது எத்தனை நாள் நிற்கும்?

வள்ளியூரில் இருக்கிற என் மச்சினன் புதுக் கார் எடுத்தான். கறுப்பு நிறம். ஷோரூமில் பில் போடும்போதே, பெயிண்டைக் காக்கும் கோட்டிங்காக "டெஃப்லான் 5,000, செராமிக் 25,000, எது போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். உடனே எனக்குப் போன். "அத்தான், நீங்க எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்கிய. எதுதான் நிக்கும்?"

பார்த்திருக்கிறேன்தான். 2017இல் வாங்கிய வெள்ளைக் கார், பாளையங்கோட்டையில் தெருவோரம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மாதம் இரண்டு முறை திசையன்விளைக்குப் போய் வரும். அதாவது வெயில், மரத்துப் பிசின், காக்கை, தேரி மணல், உவரிப் பக்கத்து உப்புக் காற்று எல்லாவற்றையும் ஒரே கார் தாங்குகிறது. கோட்டிங்கைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

முதலில் எதைக் காப்பாற்றுகிறோம் என்று பார்த்துவிடலாம். கார் தகட்டின் மேல் இருக்கிற பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பளபளப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. அது தேய்ந்தால் எந்தக் கோட்டிங்காலும் திரும்ப வராது.

என் கார் வந்தபோது ஷோரூமில் டெஃப்லான் போட்டுக் கொடுத்தார்கள். "மூணு வருசத்துக்குக் கவலையே படாதிய அண்ணாச்சி" என்றார் போட்டவர். சித்திரையில் போட்டது. ஆடிக் காற்று ஓய்வதற்குள் பானட்டில் தண்ணீர் முத்து முத்தாகத் திரள்வது போய்விட்டது; கோட்டிங் வேலை செய்கிறது என்பதற்கு அந்த முத்துதான் அடையாளம். அப்போது ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால் காரணம் அடுப்படியிலேயே இருந்தது. டெஃப்லான் என்பது 1938இல் கண்டுபிடித்த ஒரு பாலிமர். தோசைத் தவாவில் அது ஒட்டி நிற்பதற்கு 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும். காரை அப்படிச் சுட முடியுமா? சும்மா மெஷினில் தேய்த்து விடுகிறார்கள். அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்சம் பாலிமர் கலந்த பாலிஷ்தான். மூன்று மாதம், நிழலில் நின்றால் ஆறு மாதம். அதில் இன்னொரு கெடுதல் உண்டு. ஒவ்வொரு முறையும் மெஷினை ஓட்டும்போது கிளியர் கோட்டும் ஒரு துளி போகிறது. வருடத்துக்கு மூன்று முறை இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றால் எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று, நான்கு வருடம் வீட்டிலேயே வாக்ஸ் போட்டேன். கார்னாபா என்கிற மெழுகு. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படிகிற பொருள் என்று தெரிந்ததும், பனங்காட்டில் பிறந்தவனுக்கு அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் நம் வெயிலில் வழிந்து ஓடாது. ஆனால் வேகமாகத் தேயும். கோடையில் ஒரு மாதம், கார்த்திகை மார்கழியில் இரண்டு மாதம். ஒரு டப்பா ஆயிரம் ரூபாய்க்குள், ஒரு வருடம் வரும். பளபளப்பில் இதை அடிக்க ஆள் கிடையாது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போகும், தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

வாக்ஸுக்கும் செராமிக்குக்கும் நடுவில் சீலண்ட் என்று ஒன்று இருக்கிறது. ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அதில் காசில்லை. செயற்கைப் பாலிமர், ஸ்ப்ரேயாகவே கிடைக்கும். கழுவித் துடைத்த காரில் அடித்து, மைக்ரோஃபைபர் துணியால் பரப்பிவிட்டால் முடிந்தது. நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். என் கணக்கில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இதுதான்.

2022 தை மாதம் செராமிக் போட்டேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்யும் மெய்யும் அதிகம் கலந்திருப்பது இங்கேதான்.

சிலிக்கா சார்ந்த திரவத்தைத் தடவினால் அது பெயிண்டோடு பிணைந்து கண்ணாடி மாதிரி இறுகும். அந்தப் பிணைப்பு மெய். மெழுகு மாதிரி சோப்பில் போகாது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஆனால் பருமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். "9 ஹெச் கடினம், கல்லே கீறாது" என்பது பொய். அந்த 9 ஹெச் என்பது பென்சிலின் எண். பள்ளியில் வரைபடம் போட ஹெச், ஹெச்பி பென்சில் வாங்கினோமே, அந்த வரிசையில் கடினமான பென்சில் கீறினாலும் கோடு விழாது என்பதுதான் அதன் பொருள். தேரி மணலுக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. கண்ணாடியையே கீறுகிற குவார்ட்ஸ் மணி அது.

ஐந்து வருட வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். வருடத்துக்கு ஒரு முறை அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிப்பு செய்ய வேண்டும், தவறினால் வாரண்டி இல்லை. என் காரில் மூன்றாம் வருடம் கூரையிலும் பானட்டிலும் தண்ணீர் முத்து கட்டுவது போய்விட்டது. கதவுகளில் இன்னும் நன்றாகவே இருக்கிறது. வெயில் நேராக விழும் பரப்பு முதலில் போகும், நிமிர்ந்து நிற்கும் பரப்பு தாங்கும். ஆகவே இந்த ஊரில் செராமிக்குக்கு இரண்டிலிருந்து மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். போர்ட்டிகோவில் நிற்கிற காருக்கு அதற்கு மேலும் வரலாம்.

செராமிக்கின் பெரிய எதிரி வெயில்கூட இல்லை, போர் தண்ணிதான். கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, பார்க்க அழகு. உப்புத் தண்ணி முத்தும் அப்படியேதான் நிற்கும். வெயிலில் அது காய்ந்தால் சுண்ணாம்பு உப்பு வட்டமாகப் படிந்துவிடும், பத்து ரூபாய்க் காசு அச்சடித்த மாதிரி. கறுப்புக் காரில் அது தெருமுனையிலிருந்தே தெரியும். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டித் தள்ளிய உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நான் போர் தண்ணியில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு வாளி தாமிரபரணித் தண்ணீரை ஊற்றி உடனே துடைக்கிறேன். அந்த ஒரு வாளிக்கே வீட்டில் பாட்டு கேட்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வட்டம் விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் துடைத்துக் கழுவலாம். முத்து கட்டவில்லை என்றதும் கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். பல சமயம் மேலே படிந்த அழுக்கும் உப்பும்தான் மறைக்கின்றன, அது போனால் முத்து திரும்பிவிடும்.

செராமிக் போட்ட முதல் ஏழு நாள் கழுவக்கூடாது. சோப்புத் தூள், பாத்திரம் விளக்கும் திரவம் எப்போதுமே வேண்டாம், காருக்கென்று விற்கிற மிதமான ஷாம்பு போதும். காலை வெயிலுக்கு முன்னால் கழுவ வேண்டும். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. முக்கியமாக, தேங்காய்ப்பூத் துண்டால் காய்ந்த தூசியைத் துடைக்கவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது எங்கள் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் வண்டல் பூசி நின்றன. என் காரில் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்ததுமே முக்கால்வாசி இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் கொடுத்த காசுக்கு மனம் ஆறியது. பக்கத்து வீட்டுப் பையன் ஈரத்துண்டை எடுத்துத் துடைத்தான். அவர்கள் காரில் அப்படித் துடைத்ததில் விழுந்த சுழல் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

பறவை எச்சத்திடமிருந்து செராமிக் போட்ட காரும் தப்பாது. வெயிலில் காய்ந்த எச்சம் ஒரே நாளில் தடம் பதித்துவிடும். கூந்தன்குளம் போனபோது பறவைகள் குடியிருக்கும் மரத்தடியில் காரை நிறுத்திய அறிவாளி நான். கோட்டிங் இருந்தால் ஊறவைத்து எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது, அவ்வளவே. ஆயுத பூசைக்குப் பானட்டில் வைக்கிற சந்தனம் குங்குமத்துக்கும் இதே கணக்கு. மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும்.

கிராஃபீன் கோட்டிங் என்று இப்போது கேட்கிறார்கள். பெரும்பாலும் அது கிராஃபீன் ஆக்சைடு என்கிற கார்பன் பொருளைக் கொஞ்சம் சேர்த்த செராமிக்தான். பெயருக்காகப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை.

கடைசியாக பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். இது பூச்சே இல்லை, ஒட்டுகிற ஃபிலிம். பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான். மொத்தப் பெயிண்டையும்விடப் பருமன், அதனால்தான் கல்லைத் தாங்குகிறது. நாலுவழிச் சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போகிறவருக்கு வேறு எதுவும் உதவாது. மெல்லிய கீறல் விழுந்தால் சூடு பட்டுத் தானே ஆறும், நம் வெயில் காருக்குச் செய்கிற ஒரே உபகாரம். நல்ல ஃபிலிம் ஐந்து வருடத்துக்கு மேல் நிற்கும், மலிவான பிவிசி ஃபிலிம் சீக்கிரம் மஞ்சளடித்துவிடும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஓரத்தில் வைத்து அடித்தால் விளிம்பு கிளம்பும், அங்கே மண் ஏறும். முழுக் காருக்கு ஒரு லட்சம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. முன்பக்கம் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

மச்சினன் தினமும் வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையில் வருகிறவன். பகல் முழுக்கக் கார் வெட்டவெளியில் நிற்கும். வீட்டில் போர் தண்ணி மட்டும்தான். கறுப்புக் கார் வேறு. முன் பம்பர், பானட், சைடு மிரர் மூடிகளுக்கு ஃபிலிம் ஒட்டு, மற்ற இடத்துக்குச் சீலண்ட் ஸ்ப்ரே அடித்துக்கொள், செராமிக் வேண்டாம் என்றேன். வெள்ளைக் காரும் போர்ட்டிகோவும் நல்ல தண்ணீரும் இருந்தால் செராமிக் போடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஃபிலிம் ஒட்டியாயிற்று. செராமிக்குக்கு வைத்திருந்த பணத்தில் மாடித் தண்ணீரைப் பிடிக்க ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருக்கிறான். ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறான்.