தோற்கும் பேஸ்பால் அணியில் யார் தினமும் ஆடுவது: யுடிலிட்டி ஆளா, பிளாட்டூன் ஜோடியா, இளைஞனா?

2009-இல் அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் இரண்டு யுடிலிட்டி ஆட்டக்காரர்கள் (நிரந்தர இடமில்லாமல், ஆள் தேவைப்படும் இடத்தில் நிற்பவர்கள்) கிட்டத்தட்ட தினமும் களம் இறங்கினார்கள். டாம்பா பே ரேஸில் பென் ஜோப்ரிஸ்ட், கேன்சஸ் சிட்டி ராயல்ஸில் வில்லி புளூம்க்விஸ்ட். ஜோப்ரிஸ்ட் ஏழு இடங்களில் ஃபீல்டிங் செய்து, .297 சராசரி, 27 ஹோம் ரன், .405 ஆன்-பேஸ் விகிதம் (அவுட் ஆகாமல் பேஸை எட்டும் விகிதம்) எடுத்தார். புளூம்க்விஸ்ட் 125 ஆட்டங்களில் .265, 4 ஹோம் ரன், .308. அந்த ஆண்டு ராயல்ஸின் கணக்கு 65 வெற்றி, 97 தோல்வி. 2.16 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்; பிழையால் வந்தவை சேராது) சிறந்த பிட்சருக்கான, அதாவது பந்து வீசுபவருக்கான, சை யங் விருது வாங்கிய ஸாக் கிரைங்கி கையில் இருந்தும் அந்த நிலை.

ஜோப்ரிஸ்டை அளவுகோலாக வைப்பது அநியாயம்தான். அவர் யுடிலிட்டி ஆள் என்ற பெயரில் ஆடிய நட்சத்திரம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த இடத்துக்கான நிரந்தர ஆளைவிட நன்றாக அடித்தார். பலவீனமான அணிகள் அவரைப் பார்த்துவிட்டு, தங்களிடம் இருக்கும் பெஞ்ச் ஆளிடமும் அதையே எதிர்பார்க்கின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ராயல்ஸுக்கும் வேறு வழி குறைவு. அலெக்ஸ் கார்டனுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, மைக் அவிலெஸுக்கு முழங்கை, கோக்கோ கிரிஸ்புக்கு தோள்பட்டை. ஓட்டை எங்கே விழுந்தாலும் ‘அவரைப் போடு’ என்பது மேனேஜருக்குச் சுலபமான பதில். புளூம்க்விஸ்ட் மீது குற்றமில்லை. முந்தைய ஆண்டு சியாட்டிலில் குறைவாக ஆடியபோது அவருடைய ஆன்-பேஸ் விகிதம் .377. பெஞ்ச் ஆளுக்கு மேனேஜர் பெரும்பாலும் தோதான பிட்சரைப் பார்த்துத்தான் வாய்ப்பு தருவார். தினமும் இறக்கினால் அந்தச் சலுகை போய்விடும். வலதுகை பேட்டரான அவருக்குக் கடினமான நல்ல வலதுகை பிட்சர்கள் எல்லோரையும் அவர் சந்தித்தாக வேண்டும். ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்று அதையே சோறாகப் பிசைந்தால் இப்படித்தான் ஆகும். வேகமாக ஓடுகிறார் என்பதற்காக இப்படிப்பட்டவரை பேட்டிங் வரிசையில் முதலிடத்தில் வைப்பது அடுத்த தவறு. வரிசையில் ஒரு இடம் மேலே போனால் சீசனுக்குச் சுமார் 15 முதல் 18 பேட்டிங் வாய்ப்பு கூடும். அணியிலேயே அதிகம் அவுட் ஆகிறவருக்கு அதிக வாய்ப்பு கிடைக்கும்.

ஃபீல்டிங்கில் போகும் சேதம் ஸ்கோர்போர்டில் அவ்வளவாகத் தெரியாது. இரண்டாம் பேஸில் டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) திருப்புவதைக் கவனியுங்கள். வலதுகை பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸை எட்ட ஏறக்குறைய 4.3 வினாடி. அதற்குள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) பந்தை எடுத்து எறிய, இரண்டாம் பேஸ்மேன் பேஸைத் தொட்டு, சறுக்கி வரும் ரன்னரிடமிருந்து விலகி, கிளவிலிருந்து கைக்கு மாற்றி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அதற்காகவே அவர் கிளவ் சிறியது, 11.25 அல்லது 11.5 அங்குலம், பந்து ஆழமாகப் போய் மாட்டிக்கொள்ளாது. அவுட்ஃபீல்ட் கிளவ் 12.75 அங்குலம் வரை போகும். நேற்று அதைப் போட்டு ஆடியவர் இன்று இங்கே வந்தால் பிழை என்று பதிவாகாது. பந்தைத் துழாவுவதில் கால் வினாடி போகும், இரண்டு அவுட் ஒன்றாகும், பிட்சர் கூடுதலாக ஐந்தாறு பந்து வீசுவார்.

பிளாட்டூன் இதைவிட நேர்மையான ஏற்பாடு. எதிர்க்கை பிட்சரை அடிப்பது பேட்டருக்குச் சுலபம் என்பதால் ஒரே இடத்துக்கு இருவர்: வலதுகை பிட்சருக்கு இடதுகை பேட்டர், இடதுகை பிட்சருக்கு வலதுகை பேட்டர். மேனேஜர் ஏர்ல் வீவரின் பால்டிமோர் ஓரியோல்ஸில் 1982-இல் இடது அவுட்ஃபீல்டைப் பெரும்பாலும் பகிர்ந்துகொண்ட ஜான் லோவென்ஸ்டைன் 24 ஹோம் ரன், கேரி ரோனிக்கி 21. ஆனால் அன்று 25 பேர் அணியில் பிட்சர்கள் பத்துப் பேர்தான். பெஞ்சில் ஆறு பேர் உட்கார இடமிருந்தது. இன்று 26 பேரில் 13 பேர் பிட்சர்கள். மீதி 13-இல், பிட்சருக்குப் பதிலாக பேட்டிங் மட்டும் செய்பவரையும் சேர்த்து ஒன்பது பேர் ஆட, பெஞ்சில் நால்வர். அதில் மாற்று கேட்சரைத் தொட முடியாது. பேஸ்பாலில் வெளியே எடுத்தவரை அந்த ஆட்டத்தில் திரும்ப இறக்கவும் முடியாது. ஆக ஒரு ஜோடி தாங்கும். இரண்டாவது ஜோடி வைத்தால் எட்டாவது இன்னிங்ஸில் பெஞ்ச் காலி. இருவரில் ஒருவராவது தன் பக்கத்தில் சராசரிக்கு மேல் அடிக்காவிட்டால் ஜோடியே வீண்.

தொண்ணூறு ஆட்டம் தோற்கப்போகும் அணிக்கு மூன்றாவது வழிதான் சரி: இளைஞனை ஒரே இடத்தில் நிறுத்தி 500 பேட்டிங் வாய்ப்பு கொடுப்பது. வலிக்கும். ராயல்ஸின் மைக் மூஸ்டாகஸ் 2014-இல் .212 அடித்து இடையில் கிளை அணியான ஒமாஹாவுக்கும் போய்வந்தார்; 2015-இல் .284, 22 ஹோம் ரன். கார்டன் மூன்றாம் பேஸில் தடுமாறியவர். 2010-இல் இடது அவுட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள், பிறகு அங்கேயே விட்டார்கள். 2011-இல் .303, 23 ஹோம் ரன், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ். அந்த விருது மொத்தம் எட்டு முறை வந்தது. இருவரும் 2015-இல் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார்கள்.

எல்லா இளைஞரும் தேற மாட்டார்கள். தொடக்கத்தில் சராசரியைப் பார்க்க வேண்டாம், அது ஒரு சீசன் முடிந்தாலும் ஏமாற்றும். ஸ்டிரைக்அவுட் விகிதம் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆகும் விகிதம்) அறுபது, எழுபது பேட்டிங் வாய்ப்பிலேயே ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இறக்குவதுதான் மிக மோசம்: தேறினானா இல்லையா என்பதே தெரியாமல் ஆண்டு ஓடிவிடும்.

அப்படியானால் யுடிலிட்டி ஆளுக்கு எத்தனை ஆட்டம்? பிட்சரையும் கேட்சரையும் விட்டால் ஃபீல்டிங் இடம் ஏழு. ஆளுக்குச் சீசனில் எட்டு நாள் ஓய்வு என்று வைத்தால் 56 ஆட்டம். பத்து நாள் காயப் பட்டியலில் யாராவது போனால் இன்னும் கொஞ்சம். காயம் மூன்று வாரத்தைத் தாண்டுமென்று டாக்டர் சொன்ன அன்றே பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏயிலிருந்து அந்த இடத்துக்கென்றே ஆடும் ஒருவரை வரவழைக்க வேண்டும்.