செப்டிக் டேங்கா, குளமா, மெஷின் பிளாண்டா? கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ண எங்க ஆத்தோரத்துக்கு எது சரிப்படும்

எங்க ஊரு மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை. பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்தியாச்சு, ஆனா தோட்டத்துல பொறந்தவங்க வாயில பழைய பேருதான் வரும். இங்க சிலாங்கூர் ஆத்துலேருந்து எடுக்குற தண்ணிதான் கோலாலம்பூரச் சுத்தி இருக்குற கிள்ளான் பள்ளத்தாக்குல பாதி ஜனத்துக்குக் குடிக்கப் போகுது, அதே ஆறு இன்னும் கீழ கம்போங் குவாந்தான் மின்மினிப்பூச்சிங்க இருக்குற பெரெம்பாங் மரத்தடியிலயும் ஓடுது. அதனால கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ற பிளாண்ட் பத்திப் பேச்சு வந்து, "செப்டிக் டேங்க்தான் இருக்கே, பிளாண்ட் எதுக்கு"ன்னு எங்க தாமான்ல (குடியிருப்புல) கேட்டப்போ எனக்கு சும்மா இருக்க முடியல.

செப்டிக் டேங்க்ல கெட்டி அடியில தங்கும், தண்ணி வழிஞ்சு லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போயிடும், அவ்ளோதான் வேல. கக்கூஸ் தண்ணியோட பிஓடி, அதாவது அழுக்க தின்னுறதுக்கு கிருமிங்க இழுக்குற ஆக்சிஜன் கணக்கு, இங்க டிசைனுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம்னு வைப்பாங்க. செப்டிக் டேங்க் நல்லா ஓடுனாலே அதுல பாதிதான் குறையும், அமோனியா குறையவே குறையாது. 2 வருஷத்துக்கு ஒரு தடவ லாரி வச்சு உறிஞ்சணும், ஆனா எங்க வரிசையில பல வீட்டுல பின்னாடி கிச்சன இழுத்துக் கட்டும்போது டேங்க் மூடி மேலயே டைல்ஸ் போட்டுட்டாங்க, இப்ப உறிஞ்சணும்னா தரைய உடைக்கணும்.

கக்கூஸ் தண்ணிய தேக்கி சுத்தம் பண்ற குளம் எனக்குப் புடிக்கும். கரண்ட் வேணாம், வெயில்ல பாசி வளந்து ஆக்சிஜன் குடுக்கும், கிருமிங்க அழுக்க தின்னும், தண்ணி நாள் கணக்குல நின்னு மெதுவா வெளிய போகும், நோய்க்கிருமியும் வெயில்ல நிறைய செத்துடும். (பாமாயில் எடுக்குற செம்பனை மில்லு குளத்தோட இத போட்டுக் குழப்பாதீங்க, அந்தத் தண்ணி பிஓடி 25,000 கிட்ட, நம்மளோடதுக்கு 100 மடங்கு.) ஆனா எடம் நிறைய வேணும், ஆகாயத்தாமரை மூடிட்டா வெளிச்சம் போய் நாத்தம் வந்துடும், பெரிய மழைக்கு பாசியோட சேந்து ஆத்துக்கு ஓடும், அமோனியா ஒரு நாள் குறையும் ஒரு நாள் குறையாது.

அமோனியாதான் இங்க பெரிய விஷயம். மீனுக்கு அது நேரா விஷம், அதோட தண்ணி ஆலையில போடுற குளோரின தின்னுடும், ரொம்ப ஏறிட்டா ஆலையவே நிறுத்துவாங்க, அப்புறம் ஊரே வாளி தூக்கும். 2009 கழிவுநீர் விதிப்படி தண்ணி எடுக்குற இடத்துக்கு மேல ஆத்துல விடுற புது பிளாண்ட் ஸ்டாண்டர்ட் ஏ, அதாவது லிட்டருக்கு பிஓடி 20 மில்லிகிராம், அமோனியா நைட்ரஜன் (அமோனியாவுல இருக்குற நைட்ரஜன் கணக்கு) 10 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். கீழ விட்டா ஸ்டாண்டர்ட் பி, 50ம் 20ம்.

அந்த 10ஐ நாள் தவறாம குடுக்குறது மெஷின் பிளாண்ட்தான். 1914ல மான்செஸ்டர்ல கண்டுபுடிச்ச வழி: தொட்டியில காத்து ஊதி கிருமிங்கள வளக்கணும், அப்புறம் அதுங்கள அடியில தங்க விட்டு, தங்குன சகதியில கொஞ்சத்த திரும்ப தொட்டிக்கே அனுப்பணும். அமோனியாவ நைட்ரேட்டா மாத்துற கிருமி மெதுவாத்தான் வளரும், அதனால சகதிய ரொம்ப எடுத்துட்டாலும் போச்சு. 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேணும், அதான் கரண்ட் பில்லு ஏறுது. இன்னொரு தாமான்ல ஊதுற மோட்டர் நின்னு வாரக்கணக்கா யாரும் வரல, அந்த லோங்காங் கறுப்பா ஓடுனத நானே பாத்தேன், அப்ப அது குளத்த விட மோசம்.

தனித்தனியா கெடக்குற வீடுன்னா செப்டிக் டேங்க் சரி, மூடிய மட்டும் தொறக்குற மாதிரி வைங்க. எடம் இருந்து, தண்ணி எடுக்குற இடத்துக்குக் கீழ விடுறதா இருந்தா குளத்த மூட வேணாம்னு சொல்லுவேன். எங்க தாமான் தண்ணி எடுக்குற இடத்துக்கு மேல இருக்கு, எங்களுக்கு மெஷின்தான். வர்ற கூட்டத்துல ஸ்பேர் மோட்டர் இருக்கா, கரண்ட் பில்லு யாரு கட்டுவாங்க, ராத்திரி நின்னா யாரு போன் எடுப்பாங்க, இந்த மூணையும் எழுதி வாங்கணும்னு இருக்கேன்.