பியரிங்டிபி: எல்லாம் சரி, அந்த ஃபோன் எண்ணைத் தவிர

எந்த நெட்வொர்க் எந்த எக்ஸ்சேஞ்சில் (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் ட்ராஃபிக் மாற்றிக்கொள்ளும் இடம்) இருக்கிறது, எந்த டேட்டா சென்டருக்கு வருகிறது என்று பார்க்க பியரிங்டிபி (PeeringDB) என்ற இணைய டைரக்டரியை விட்டால் வேறு கதியில்லை. 2004-லிருந்து இருக்கிறது, இலவசம். அந்தந்த நெட்வொர்க்காரர்களே தங்கள் விவரத்தைப் பதிகிறார்கள். சின்ன ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) ஒன்றின் நாக் (NOC, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) அறையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் எனக்கு இது மூடாத டேப்.

குறை தொடர்பு விவரத்தில்தான். ஃபோன் எண் கட்டாயமில்லை. கொடுத்தால் நாட்டுக் குறியீட்டோடு சரியான வடிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கிச் சுழியத்தில் முடியும் எண்ணை +91 போட்டுக் கொடுத்தால் ஜோராக உள்ளே போய்விடும். மொபைல் எண்ணுக்குரிய லட்சணம் எல்லாம் அதற்கு இருக்கிறதே! யாரும் அழைத்துப் பார்ப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நெட்வொர்க் எங்கள் ரூட்களை, அதாவது எங்களை அடையும் வழிகளை, தன் அப்ஸ்ட்ரீமுக்கு (அதற்கு இணைய இணைப்பு தரும் நெட்வொர்க்) தவறாக அறிவித்து லீக் செய்துவிட்டது. ட்ராஃபிக் ஊரைச் சுற்றிப் போய் அவர்களுடைய சின்ன லிங்க்கில் நெரிந்தது. மெயிலுக்குப் பதில் இல்லை. நாக் என்று போட்டிருந்த எண்ணை நடுராத்திரியில் அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர், இந்தியில். நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டார். பழகிப்போனவர் போல. கடைசியில் அந்த அப்ஸ்ட்ரீமைப் பிடித்து, லீக்கான ரூட்களை ஏற்காதபடி ஃபில்டர் போடவைத்தோம்.

அவர் நல்ல மனிதர். எடுத்தவர் வேறு மாதிரி ஆளாக இருந்தால்? ரூட்டிங் மாற்றம் கேட்டு மெயில் வந்தால், டைரக்டரியில் உள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்கிறவர்கள் உண்டு. அங்கே 'ஆமாம் சார், நாங்கள்தான் கேட்டோம்' என்று யாரோ ஒருவர் சொன்னால் போதும், போலிக் கோரிக்கையும் நிறைவேறிவிடும்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஸ்லைடில் உதாரணம் காட்ட 192.0.2.0/24 என்ற ஐபி முகவரிகள், 64496 முதல் 64511 வரையான ஏஎஸ் எண்கள் என்று தனியே ஒதுக்கி வைத்திருக்கிற கூட்டம் நாம். பிரிட்டனில் நாடகங்களுக்கென்றே 07700 900000 முதல் 900999 வரையான மொபைல் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தனையும் தெரிந்த இன்ஜினியர்தான் யாரோ ஒருவருடைய மொபைலை நாக் எண்ணாகப் போடுகிறார். காலியாக விட்டிருந்தால் நேராக அப்ஸ்ட்ரீமிடம் போயிருப்பேன்.

தொடர்பு விவரம் எப்போது திருத்தப்பட்டது என்று பக்கத்திலேயே தேதி இருக்கும். அதை வைத்து எண் வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள். 5-க்கு 4 கொடுக்கிறேன். ஒரு நெட்வொர்க்குடன் பியரிங் (நேரடி இணைப்பு) பேசி முடிக்கும் முன், பகலிலேயே ஒருமுறை அந்த நாக் எண்ணை அழைத்துப் பாருங்கள்.