இலவச சட்ட உதவியில் குழந்தை கஸ்டடி வழக்கு: எதுவரை கைகொடுக்கும்?

மகள் இறந்துவிட்டாள். மருமகன் மேல் வரதட்சணை மரண வழக்கு. குழந்தை யாரிடம் வளர்வது என்று கேட்டு வருகிற குடும்பங்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் சேவை எந்த அளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மனு தாக்கலாகும் வரை சேவை நன்றாக இருக்கிறது. அதன் பிறகு குடும்பமும் சேர்ந்து ஓட வேண்டும்.

செலவு விஷயத்தில் குறையே இல்லை. வழக்கறிஞர் கட்டணம், கோர்ட் கட்டணம், பேட்டா (எதிர்த்தரப்புக்குச் சம்மன் அனுப்பக் கட்டும் பணம்), சான்றிட்ட நகல் என எல்லாமே இலவச உதவிக்குள் அடக்கம். கோர்ட் வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். விவரம் கேட்க 15100. விண்ணப்பத்தின் மீது 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதை முதலிலேயே யோசியுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தாத்தா விண்ணப்பித்தால், அவர் பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளி போன்ற வேறு பிரிவில் வராதபட்சத்தில், வருமானச் சான்று கேட்பார்கள். பாட்டி பெயரில் போட்டால் அந்தத் தாலுகா ஆபீஸ் அலைச்சல் மிச்சம். (சிறையிலிருக்கும் மருமகனுக்கும் இதே பிரிவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அவர் உரிமை.)

மனு பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் போகும். ரிட்டர்ன் ஆவது சின்னச் சின்னக் காரணங்களுக்காகத்தான். குழந்தையின் நெருங்கிய உறவினர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று மனுவில் சொல்ல வேண்டும். கோபத்தில் அப்பா வழித் தாத்தா பாட்டியை விட்டுவிட்டால் மனு திரும்பி வரும். பாதுகாவலராக நியமிக்கக் கேட்டால், அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதம் என்று பாட்டி கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றளித்த உறுதிமொழியும் இணைய வேண்டும். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய முடியும். சாவு வீட்டுக்குப் பிறகு சில வாரம் பாட்டி வீட்டில் இருப்பது மட்டும் போதுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி அட்டை போன்றவை அங்கே பேசும். இடைக்காலக் கஸ்டடிக்கு இதே பாதுகாவலர் சட்டத்தின் 12-வது பிரிவில் தனியாக ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) கூடவே போடச் சொல்லுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை, நியமிக்கப்படும் வழக்கறிஞரிடம் கஸ்டடி வழக்கின் கட்டு (கோப்பு) மட்டும்தான் இருக்கும் என்பது. குற்ற வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் வேறு கட்டாக, அரசு வழக்கறிஞர் கையில் ஓடும். இந்தக் கட்டில் நடப்பது அந்தக் கட்டுக்குத் தானாகத் தெரியாது. எஃப்.ஐ.ஆரைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம் (பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் அங்கே இருக்காது). குற்றப்பத்திரிகை, ஜாமீன் உத்தரவு இரண்டுக்கும் காப்பி அப்ளிகேஷன் போட்டுச் சான்றிட்ட நகலாக வாங்குங்கள்.

வாங்கியதும் குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலைப் பாருங்கள். குழந்தையின் பெயர் அதில் இருக்கலாம். ஜாமீன் உத்தரவில் சாட்சிகளைச் சந்திக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தால், வாராவாரம் அப்பா குழந்தையைப் பார்க்கலாம் என்ற உத்தரவு அதோடு நேராக மோதும். இதைக் கஸ்டடி மனுவை விசாரிக்கும் குடும்ப நல நீதிமன்றத்தின் கண்ணில் காட்ட வேண்டியது உங்கள் தரப்பு வேலை. சந்திப்பே வேண்டாம் என்று அடம்பிடிப்பதைவிட, கோர்ட் வளாகத்தில், மேற்பார்வையில் என்று கேட்டால் எடுபட வாய்ப்பு அதிகம்.

மனுவில் ‘கொலைகாரன்’ என்று எழுத விடாதீர்கள். விசாரணை முடியாத வழக்கு அது. நாளைக்கு விடுதலையானால் மனுவின் ஒரே தூணும் சரிந்துவிடும். குற்ற எண், பிரிவு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையைத் தினமும் யார் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார், ஃபீஸ் யார் கட்டுகிறார் என்பதற்குப் பக்கம் ஒதுக்குங்கள். 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், மனைவியின் மரணம் தொடர்பாகக் குற்ற வழக்கைச் சந்தித்துவந்த தந்தைக்குச் சாதகமாகக் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தந்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிலுவையிலுள்ள வழக்கு கவனத்தில் கொள்ள வேண்டிய விஷயம் என்றதோடு, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருக்க விரும்பிய சிறுவனின் சொல்லுக்கும் எடை தந்தது. குற்ற வழக்கின் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பது தப்புக்கணக்கு. அதற்குள் குழந்தை அப்பா வீட்டில் வேர் பிடித்துவிட்டால், இடம் மாற்ற நீதிபதி தயங்குவார்.

குற்றச்சாட்டே குழந்தையின் மேல் நடந்த பாலியல் கொடுமை என்றால் இந்த வரிசையில் நிற்கவே வேண்டாம். உடனே 1098 (குழந்தைகள் உதவி எண்). குழந்தையை வீட்டிலிருந்து வெளியே எடுப்பதா என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். அது மாதக்கணக்கில் இழுக்காது.

குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு பாதகமாக வந்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள். மாவட்ட வழக்கறிஞரே அங்கும் வருவார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறது. உத்தரவு வந்த அன்றே நகலுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.