துஜாவா, கிறிஸ்துமஸ் மரமா?

சேலத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு ஊசியிலை வகை தேடினால் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: துஜா, அப்புறம் கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் சொல்லும் அரக்கேரியா. சின்ன முன்வாசலுக்கு நான் துஜாவைத்தான் சொல்வேன்.

சித்திரையில் 40 டிகிரி அடித்தாலும் தரையில் நட்ட துஜா தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு உண்மையான எதிரி சிவப்புச் சிலந்தி. விசிறி மாதிரி நிற்கும் இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். மிளகாய்த்தூள் துகள் போல ஏதாவது ஊர்ந்தால் அதுதான். ஹோஸில் வேகமாகப் பீய்ச்சி உள்பக்கம் வரை கழுவினால் நன்றாகக் குறையும். கத்தரிக்கும்போது பச்சை உள்ள இடத்தோடு நிறுத்துங்கள். உள்ளே பழுத்துக் காய்ந்த கிளையில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.

அரக்கேரியாவின் அழகே அந்தக் கிளை அடுக்குத்தான். நுனி ஒடிந்தால் அது போச்சு. சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக் குளிர்ச்சி அதற்குப் பிடிக்கும். கீழே சேலத்தில் தொட்டியில், காலை வெயில் மட்டும் படும்படி வைப்பது நல்லது.

தரையில் நடுவதானால் யோசித்து நடுங்கள். அரக்கேரியாவில் நார்ஃபோக் தீவு மரம் என்ற வகையை நினைத்து வாங்குவது பல நேரம் நியூ கலிடோனியாவின் குக் பைன் என்ற இன்னொரு அரக்கேரியாதான். பூமத்திய ரேகைப் பக்கம், அதாவது நமக்குத் தெற்கே, சாய்ந்து வளர்வது அதன் இயல்பு. உயரமும் ஏராளம். வீட்டுக்கு வடக்கே ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள்.